பரணில் கிடந்த ராணுவ ரேஷன்: பிரித்தது, சோதித்தது, புதைத்தது

மாமா ஆர்மி சர்வீஸ் கோரில் இருந்து ஓய்வு பெற்றவர். படைக்கு அரிசி, பருப்பில் தொடங்கி டின் உணவு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு அது. உச்சிப்புளிப் பக்கம் அவர் வீடு கட்டிக் குடியேறியபோது கூடவே வந்த கறுப்பு டிரங்குப் பெட்டி பின்கொட்டகைப் பரணில் கிடந்தது. கொட்டகையின் சிமெண்ட் ஷீட்டை மாற்ற வேண்டி வந்ததால் இந்தக் கோடையில் அதை இறக்கினோம். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் சாப்பாட்டுச் சாமான்.

என் தம்பி நாட்டுப்படகு வைத்திருக்கிறான். எஞ்சின் நின்று நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போனால் ரெண்டு மூன்று நாள் தாங்குகிற மாதிரி ஒரு உணவுப் பெட்டி படகிலேயே இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் வெகுநாளாகப் பேச்சு. டிரங்கைப் பார்த்ததும் அவன், "இதையே தூக்கிப் படகுல போட்டுறலாம்ணே. பட்டாளத்துச் சாமான், கெடாது" என்றான். கெடுமா கெடாதா என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

கரையில் ஒருவனுக்கு வயிறு கெட்டால் ஆஸ்பத்திரி இருக்கிறது. நடுக்கடலில் வாந்தியும் பேதியும் வந்தால் உடம்பில் இருக்கிற தண்ணீர் போய்விடும், படகில் குடிதண்ணீரோ அளவாகத்தான் இருக்கும். பசியோடு மூன்று நாள் இருந்துவிடலாம், தண்ணீர் இல்லாமல் முடியாது. அதனால் சந்தேகம் உள்ள எதுவும் படகுக்குப் போகாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

பெட்டியில் இருந்தவை: வெள்ளி நிறப் பைகளில் ராஜ்மா, புலாவ், சூஜி அல்வா என்கிற ரவை அல்வா. பாலித்தீன் உறையில் சக்கர்பாரா என்கிற இனிப்பு மாவுத்துண்டுகள். கடலை மிட்டாய், டீத்தூள், சர்க்கரை, உப்பு. டின்களில் கெட்டிப்பால், அன்னாசி, சாளை மீன். மடக்கு அடுப்பும் அதில் எரிக்கிற ஹெக்ஸமைன் வில்லைகளும். இவற்றோடு பழுப்பு நிறத்தில் ஒரு அமெரிக்க ராணுவ உணவுப் பொட்டலம். இந்திய, அமெரிக்கப் படைகள் 2004 முதல் நடத்திவரும் யுத் அப்யாஸ் கூட்டுப் பயிற்சி ஒன்றுக்கு மாமா போயிருந்தபோது அங்கே ஒருவர் அன்பாகக் கொடுத்தது.

முதல் வேலை தேதி பார்ப்பது. நம் ஊர்ப் பைகளில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சாகியிருந்தன, ஆயுள் 12 மாதம் என்றும் இருந்தது. அமெரிக்கப் பொட்டலத்தில் அப்படி இல்லை. உள்ளே இருந்த சிறு பாக்கெட்டுகளில் 5123 என்று ஒரு நான்கிலக்க எண் மட்டும். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண். மற்ற மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 123-ஆவது நாள் என்றால் மே 3. வருடம் 2005-ஆ 2015-ஆ என்பதை அந்த எண் சொல்லாது. மாமா பயிற்சிக்குப் போன வருடத்தை வைத்து 2015 என்று எடுத்துக்கொண்டோம்.

தேதி தாண்டியது என்பதாலேயே ஒரு பொருள் நஞ்சாகிவிடாது. அந்த வெள்ளிப் பைகளும் டின்களும் ஒரே தத்துவத்தில் செய்யப்பட்டவை. பிரெஞ்சுப் படைக்காக நிக்கோலா அப்பேர் என்பவர் கண்டுபிடித்து 1810-இல் 12,000 பிராங்க் பரிசு பெற்ற முறை அது. உணவை அடைத்துக் காற்றுப் புகாமல் மூடி, மூடியபடியே வேகவைப்பது. இன்று அதை 121 டிகிரி அழுத்த நீராவியில் செய்கிறார்கள். மைசூரில் 1961-இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் நம் படைக்கு உருவாக்கிய பைகளும் இந்த வகைதான். வெளியே பாலியெஸ்டர், நடுவில் அலுமினியத் தகடு, உள்ளே பாலிப்ரொப்பிலீன். சரியாக வெந்து, உறையும் முழுசாக இருந்தால் உள்ளே கிருமி வளர வழியில்லை. 1865-இல் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் மூழ்கிய பெர்ட்ரண்ட் என்ற நீராவிப் படகை 1968-இல் தோண்டி எடுத்தார்கள். அதிலிருந்த டின்களை 1974-இல் ஆய்வகத்தில் சோதித்தபோது கிருமி வளர்ச்சி இல்லை. சத்தும் மணமும்தான் குறைந்திருந்தன.

இதைக் கேட்டதும் தம்பிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் அந்த டின்கள் கிடந்தது குளிர்ந்த ஆற்றுச் சேற்றுக்கு அடியில். நம் டிரங்கு கிடந்தது ராமநாதபுரம் கடற்கரையில், சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே. இங்கே இரண்டு எதிரிகள்: வெயிலும் உப்புக்காற்றும்.

வெயிலை அளந்து பார்த்தோம். அதிகபட்ச அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைப் பரணில் டிரங்கு இருந்த இடத்திலேயே வைத்தேன். அக்னி நட்சத்திரத்தில் அது 44 டிகிரியைக் காட்டியது. அதே நாளில் ஓட்டு வீட்டின் உள்ளறை பீரோவில் 33. அமெரிக்க ராணுவம் தன் பொட்டலங்களுக்குச் சொல்லும் கணக்கு 27 டிகிரியில் 3 வருடம், 38 டிகிரியில் 6 மாதம். 11 டிகிரி ஏறினால் ஆயுள் ஆறில் ஒரு பங்கு. நம் பரண் அந்த 38-ஐயும் தாண்டுகிற இடம். "லடாக்குல, லேவுல இதே டின்னு வருசக்கணக்கா புதுசு மாதிரி இருக்கும் மாப்ள, அங்க ஊரே ஃப்ரிட்ஜு" என்றார் மாமா.

இந்த 3 வருடம், 6 மாதம் எல்லாம் சுவைக்கும் சத்துக்குமான கணக்கு. அது முடிந்தால் உணவு கறுக்கும், எண்ணெய் காறும், வைட்டமின் போகும். அதற்காக விஷம் என்று ஆகாது. ஆனால் வெயில் வேறு ஒன்றும் செய்யும். 121 டிகிரியையும் தாங்கிப் பிழைக்கும் சில வெப்பப்பிரியக் கிருமிகள் உண்டு. சாதாரண அறைச் சூட்டில் அவை தூங்கும், 40-க்கு மேல் நெடுநாள் கிடந்தால் விழிக்கும். அவை புளிக்க வைக்கும், காற்றை உண்டாக்காது. டின் உப்பாமலே உள்ளே புளித்திருக்கும். ஆளைக் கொல்லாது என்றாலும், உப்பாத டின் எல்லாம் நல்ல டின் என்று நம்பக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

டின்களை மாமா பார்த்தார். அது அவர் தொழில். துணியைச் சாம்பலில் தொட்டுத் துருவைத் தேய்த்தார். தேய்த்தால் போகிற துரு மேல்துரு. தேய்த்தும் குழி தெரிந்தால் ஆணி முனையால் லேசாகக் கீறினார். இரண்டு டின்களில் ஆணி உள்ளே இறங்கியது. டிரங்கின் தரையில் உட்கார்ந்திருந்த டின்களுக்குத்தான் இந்தக் கதி, மேலே இருந்தவை பரவாயில்லை. பகலில் சூடு, இரவில் இறக்கம், வாடைக்காற்றுக் காலத்தில் ஈரம். மூடிய இரும்புப் பெட்டிக்குள் பனித்துக் கீழே இறங்கிய நீரில் உப்பும் சேர்ந்து அடித் தகட்டை அரித்திருக்கிறது.

அடுத்து மூடியை இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துவது. நல்ல டின்னின் மூடி கொஞ்சம் உள்வாங்கியே இருக்கும், அசையாது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் "டிக்" என்று எழும்பினால் உள்ளே காற்று சேர ஆரம்பித்துவிட்டது. பக்கவாட்டில் நசுங்கலை மன்னிக்கலாம். மூடியும் உடலும் சேரும் மடிப்பில் நசுங்கியிருந்தால் விடக்கூடாது. கெட்டிப்பால் டின் ஒன்றை மாமா பென்சிலால் தட்டிக் கேட்டு, "அடியில இறுகிப் போச்சு" என்றார். கிடங்கில் இருந்தபோது பால் டின்களை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி அடுக்குவார்களாம்.

அன்னாசி டின் நன்றாகவே உப்பியிருந்தது. புளிப்புப் பழத்தின் அமிலம் வருடக்கணக்கில் தகட்டைத் தின்று ஹைட்ரஜனை உண்டாக்கும், அதனாலும் டின் உப்பும். கிருமியால் உப்பியதா அமிலத்தால் உப்பியதா என்று வெளியே இருந்து பிரித்தறிய வழியில்லை. திறந்து பார்க்கவும் கூடாது. பீய்ச்சி அடித்தால் கண், கை, சமையல்கட்டு எல்லாவற்றிலும் தெறிக்கும். அப்படியே ஒதுக்கினோம். சாளை டின்னில் ஒன்று மடிப்போரம் எண்ணெய் கசிந்து காகிதத்தில் கறை விட்டிருந்தது. அதற்கு மேல் சோதனை தேவைப்படவில்லை. மீன் டின்னில் இன்னொரு சங்கதியும் உண்டு. டின்னில் அடைக்கும் முன்பே வெயிலில் கிடந்து தரம் கெட்ட சாளை, சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீனில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து உடம்பு அரிக்கிறதே, அதுதான். நம் கரையில் தெரியாதவர் இல்லை.

பைகளுக்குக் கட்டைவிரல் சோதனை போதாது. முதலில் நான்கு ஓரத்து ஒட்டையும் விரலால் நீவி, சுருக்கமோ நடுவே உணவுத் துணுக்கோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு ஒவ்வொரு பையையும் இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தியபடி, வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன். குமிழி வந்தால் ஓட்டை. ஒரு ராஜ்மாப் பையில் மூலை மடிப்பில் இருந்து நூல் மாதிரிக் குமிழி வந்தது. மற்றவற்றில் இல்லை.

அதோடு விட்டிருந்தால் அவை தேறியதாகவே இருந்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, குமிழி வராத ஒரு பழைய புலாவ் பையை வெட்டிப் பார்ப்பதற்காக மட்டும் கொட்டகைக்கு வெளியே திறந்தேன். சோறு தேன் நிறத்துக்குப் போயிருந்தது, வாடை ஒன்றும் மோசமில்லை. காலிப் பையை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, இரவில் உள்ளே டார்ச் அடித்து வெளியே இருந்து பார்த்தேன். மடிப்புக் கோட்டில் ஒளிப்புள்ளிகள். அலுமினியத் தகடு மடிந்து மடிந்து விரிசல் விட்டிருக்கிறது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் படலம் ஒன்றுதான் மிச்சக் காவல். வாளிச் சோதனையில் தேறிய பையிலேயே இப்படி என்றால், அதே தொகுதியில் இருக்கும் மற்றவற்றை எந்த நம்பிக்கையில் படகில் வைப்பது? அத்தனை பழைய பைகளும் கழிவுக்குப் போயின.

வாடை நன்றாக இருக்கிறதே, கொஞ்சம் நாக்கில் தொட்டுப் பார்க்கலாமே என்று வீட்டில் சொன்னார்கள். இதற்குத்தான் நான் கடுமையாக மறுத்தேன். காரணம் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். காற்றில்லாத இடத்தில், புளிப்புக் குறைந்த ஈரமான உணவில் வளரும் பாக்டீரியா. ராஜ்மாவும் புலாவும் மீனும் அதற்கு ஏற்ற இடம். கார அமில அளவு (pH) 4.6-க்குக் கீழே இருக்கும் புளிப்புப் பொருளில் அது வளராது. அதன் நச்சு சேர்ந்த உணவில் வாடையோ நிற மாற்றமோ இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. துளியளவு போதும். 12 முதல் 36 மணி நேரத்தில் கண் இமை சரியும், பார்வை இரண்டாகத் தெரியும், விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் தசைகள் வரை தளரும். காய்ச்சல் இருக்காது என்பதால் ஏதோ அசதி என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு. இந்த அறிகுறி கண்டால் சாப்பிட்ட உறையோடு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

10 நிமிடம் கொதிக்கவைத்தால் இந்த நச்சு அழியும், அது உண்மை. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி விடும் நச்சு கொதியில் அழியாது. ஹிஸ்டமினும் அழியாது. நல்ல உறைக்குக் கொதிக்கவைப்பது கூடுதல் காவல். கெட்ட உறைக்கு அது மருந்தில்லை.

உலர்ந்த சாமான்களின் கதை வேறு. ஈரம் இல்லாத இடத்தில் பாக்டீரியா வளராது. உப்பும் சர்க்கரையும் கட்டிபிடித்திருந்தன, அவ்வளவுதான். சக்கர்பாராவில் காறிப்போன எண்ணெய் வாடை. அதைவிடப் பெரிய பிரச்சினை பாச்சை உருண்டை. கரப்பான் வரக்கூடாதென்று டிரங்கில் அத்தை கைநிறையப் போட்டிருக்கிறார். பாலித்தீன் உறை அந்த வாடையைத் தடுக்காது. சக்கர்பாரா, சர்க்கரை, டீத்தூள் மூன்றிலும் அந்த உருண்டையின் நாஃப்தலின் ஏறியிருந்தது. அது உடம்புக்கு ஆகாத பொருள். உணவு இருக்கும் பெட்டியில் பாச்சை உருண்டை போடவே கூடாது. கண்ணாடி பாட்டிலில் இருந்த உப்பு மட்டும் தப்பித்தது.

கடலை மிட்டாயை நான் பிரிக்கவே இல்லை. ஈரம் பட்ட நிலக்கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் வரும், ஈரலுக்குக் கேடு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சணத்தைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கடலை விஷயத்திலாவது அதை விட்டுவிட வேண்டும்.

அமெரிக்கப் பொட்டலத்தில் ஒரு தீயில்லாச் சூடேற்றியும் இருந்தது. மெக்னீசியமும் இரும்பும் கலந்த தூள், தண்ணீர் பட்டால் கொதிக்கும். ஈரம் ஏறி அது இறுகிப்போய்விட்டது. வேலை செய்திருந்தாலும் படகில் வைக்க மாட்டேன். அது ஹைட்ரஜனை வெளிவிடும், பக்கத்திலேயே எஞ்சினும் எண்ணெயும். ஹெக்ஸமைன் வில்லைகள் நன்றாக எரிந்தன. புகை கெடுதல் என்பதால் திறந்த வெளியில் மட்டும்.

சாப்பிட்டதும் உண்டு. மாமாவின் அண்ணன் மகன் இப்போது படையில் இருக்கிறான். போன விடுமுறையில் அவன் கொண்டுவந்த ராஜ்மா, சூஜி அல்வாப் பைகள் ஓட்டு வீட்டு பீரோவில் அட்டைப்பெட்டிக்குள் மடங்காமல் இருந்தன. தேதி சில மாதம் தாண்டியிருந்தது. ஒட்டு, அழுத்தம், வாளி எல்லாம் பார்த்து, உள்ளதைப் பாத்திரத்தில் கொட்டி 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு மாமாவும் நானும் சாப்பிட்டோம். ராஜ்மா கொஞ்சம் குழைந்திருந்தது, மசாலா மங்கல். அல்வா நல்ல பழுப்பு, நெய் மணம் பரவாயில்லை. காலிப் பைகளை டார்ச் வைத்துப் பார்த்ததில் ஒரு புள்ளி வெளிச்சம் கூட இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணியான தங்கைக்கும் கொடுக்கவில்லை. தேதி தாண்டிய எதையும் அவர்களுக்குக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கழிவை என்ன செய்வது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "கடல்ல வீசிடலாம்" என்றார்கள் சிலர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அந்தக் கடலை நம்பித்தான் நாம் சாப்பிடுகிறோம். அங்கே டின்னும் பிளாஸ்டிக்கும் போடுவதை என்னால் ஏற்க முடியாது. குப்பையில் வெறுமனே போட்டால் நாயும் ஆடும் கிழிக்கும். உப்பிய டின்களைத் திறக்காமல் இரட்டைப் பாலித்தீனில் கட்டி, பனங்காட்டில் கிணற்றுக்கும் ஊருணிக்கும் தூரமாக, இடுப்பளவுக் குழியில் ப்ளீச்சிங் பவுடர் தூவிப் புதைத்தோம். மேலே கல் அடுக்கினோம்.

தம்பியின் படகுக்குப் புதிதாகவே ஒரு பெட்டி தயார் செய்தோம். கீழக்கரையில் இருக்கும் என் மச்சான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். உயிர்காக்கும் படகுகளில் வைக்கிற மாவு பிஸ்கட்டின் விவரம் அவரிடம் கேட்டு, தேதி உள்ளதாகவே வாங்கினோம். கோதுமை மாவு, எண்ணெய், சர்க்கரை சேர்த்து இறுக்கிய கட்டிகள், உறையில் 5 வருட ஆயுள். கப்பல் உயிர்காக்கும் படகுகளுக்கான சர்வதேச விதி ஒரு ஆளுக்கு 10,000 கிலோஜூல் உணவும் 3 லிட்டர் தண்ணீரும் கேட்கிறது. உணவு ஏறக்குறைய 2,400 கலோரி, ஒருநாள் சாப்பாட்டு அளவுதான். தண்ணீருக்குத்தான் அங்கும் முதலிடம். அந்தக் கட்டிகளில் புரதம் குறைவாக வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. புரதத்தின் கழிவை வெளியேற்ற உடம்பு கூடுதல் தண்ணீர் செலவழிக்கும். கருவாடும் கடலையும் எடுத்துப் போகலாம் என்று தம்பி சொன்னதை இதைச் சொல்லித்தான் தடுத்தேன். கருவாட்டில் உப்பு வேறு.

அகன்ற வாயும் ரப்பர் வளையமும் உள்ள நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று. இரும்பு வேண்டவே வேண்டாம். பிஸ்கட் கட்டிகள், சர்க்கரை, அவல், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள் எல்லாம் அதற்குள். தண்ணீர் கேன்கள் தனியாக. டிரம்மின் மூடிக்கும் மேல்பகுதிக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, மேல்தட்டுக்குக் கீழே நிழலில் கட்டினோம். உறைகளில் வாங்கிய மாதத்தைப் பெரிய எழுத்தில் எழுதியது மாமா. புதிதாக வருவது அடியில், பழையது மேலே. தேதி நெருங்குகிற சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து தின்று தீர்த்துவிட்டு இடத்தை நிரப்ப வேண்டும்.

வெப்பமானி இப்போது அந்த டிரம்முக்குள்தான் இருக்கிறது. வெள்ளையடிப்பதற்கு முன் நண்பகலில் 46 காட்டிய இடம், அடித்த பிறகு 39. இன்னும் இறக்க டிரம்முக்கு மேல் ஈரச்சாக்கு போட்டுப் பார்க்கப் போகிறோம். அதுவரை 5 வருடம் என்று அச்சடித்திருக்கும் பிஸ்கட்டை ஒவ்வொரு வருடமும் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையேறும்போது மாற்றிவிடுவது என்று தம்பியோடு பேசி வைத்திருக்கிறேன்.